புள்ளியின் கால் வளையம்

சைரன் ஊளையிடுகிறது. ஏறி இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது. நான் மாடிப்படியில் ஓடுகிறேன். ஒரு கால் செருப்பு கழன்று கீழே போய்விட்டது. தெருவில் விசில் சத்தம். மொட்டை மாடியில் என் கணவர். அவர் கையில் டார்ச். எரிந்துகொண்டிருக்கிறது.

"லைட்ட ஆஃப் பண்ணு! யார்ரா அது மாடில?"

"பாய் வூட்டு மாடிடா! சிக்னல் காட்டிகினு கீறான்!"

முதல் கல் தண்ணீர்த் தொட்டியில் பட்டது. டொம். இரண்டாவது புறாக் கூண்டின் தகரத்தில். டங். உள்ளே எல்லாப் புறாக்களும் ஒரே நேரத்தில் இறக்கை அடித்தன. மூன்றாவது கல் எங்கே பட்டது என்று தெரியவில்லை. சத்தம் வரவில்லை. அவர் நெற்றியில் பட்டிருந்தது.

டார்ச்சைப் பிடுங்கி அணைத்தேன். ரத்தம் புருவத்தில் இறங்குகிறது. மனுஷன் சிரிக்கிறார்.

"உள்ள வந்துடுச்சு பல்கீஸ். புள்ளி வந்துடுச்சு."

அது வியாழக்கிழமை. கத்திரி வெயில் காலம். எல்லையில் சண்டை தொடங்கிய வாரம். எங்கள் தெரு செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில். தாம்பரம் விமானத் தளத்திலிருந்து ஏறும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலே போகும். அன்றைக்கு விளக்கணைப்பு ஒத்திகை. சைரன் கேட்டால் எல்லா வீட்டிலும் இருட்டு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் குண்டு விழவில்லை. எல்லையில் வீடு இழந்தவர்கள், பிள்ளையை இழந்தவர்கள் இருக்கும்போது என் கதையைச் சாட்சியம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். அந்தச் சண்டை எங்கள் தெருவுக்கும் வந்தது. வந்ததை நான் பார்த்தேன்.

நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். யாருக்குச் சர்க்கரை, யாருக்குத் தூக்க மாத்திரை, யார் மனைவிக்குத் தெரியாமல் எதை வாங்குகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் யாரையும் சட்டென்று நம்பிவிட மாட்டேன். என் கணவர் காதர் எனக்கு நேர் எதிர். குரோம்பேட்டையில் ஏசி மெக்கானிக். வெளுத்ததெல்லாம் பால். வேலை முடிந்தால் மாடி. மாடியில் புறாக்கள். பந்தயப் புறாக்கள். நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் வீடு வந்து சேரும் ஜாதி. குஞ்சாக இருக்கும்போதே காலில் எண் போட்ட வளையம் மாட்டிவிடுவார்கள். வளர்ந்த பிறகு அதைக் கழற்ற முடியாது.

சண்டைக்கு முன்பே புறாப் பந்தயக் கிளப்காரர்கள் புறாக்களை லாரியில் ஏற்றி வடக்கே நாக்பூரில் விட்டார்கள். எங்களுடையவை எல்லாம் திரும்பிவிட்டன. புள்ளி மட்டும் வரவில்லை. கழுத்தில் வெள்ளைப் புள்ளி உள்ள பெட்டை. "வந்துடும், வந்துடும்" என்று தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வியாழக்கிழமை பொழுது மசங்கும் நேரத்தில் வந்து தொட்டிமேல் உட்கார்ந்தது. புறாவுக்கு இருட்டில் கண் தெரியாது. அப்படியே விட்டால் பூனைக்குச் சாப்பாடு. அவர் கம்பு போட்ட டப்பாவைக் குலுக்கினார். கூண்டு வாசலில் டார்ச் அடித்தார். அந்த நொடியில் சைரன். அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. அது அவர் தப்புதான். மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலை தெரு வாட்ஸப் குழுவில் புள்ளியின் படம். யாரோ பெரிதாக்கி எடுத்திருந்தார்கள். வளையத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "காலில் சிப். வடக்கே இருந்து வந்திருக்கிறது. டப்பா சத்தம் ஒரு ரகசிய சங்கேதம்." படம் முதலில் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். "ஃபார்வர்டு அக்கா" என்றார்கள் எல்லோரும். எங்கள் மாடியை அந்தக் கோணத்தில் பார்க்கக்கூடிய வீடுகள் கொஞ்சம்தான். நானும் மாடியில் நின்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். ஒவ்வொரு ஜன்னலும் என்னைப் பார்த்தது.

அந்த நாட்களில் தெருவே தேசபக்தியில் கொதித்தது. ஆளுக்கு ஒரு விதம். தெரு நலச் சங்கச் செயலாளர் ராகவன் சார், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லா கேட்டுக்கும் கொடி கொடுத்தார். காலையில் வாக்கிங் போகும்போது எந்த கேட்டில் இல்லை என்று பார்த்துக்கொண்டே போவார். பக்கத்து வீட்டு கல்பனா அக்கா ராணுவ வீரர்களுக்காகக் கோயிலில் அபிஷேகம் செய்தார். வீட்டில் இருந்த சீன சீரியல் பல்பையெல்லாம் குப்பையில் போட்டார். சண்டை சீனாவோடு இல்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பையன்கள் பைக்கில் கொடி கட்டி, சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஏரியைச் சுற்றினார்கள். டர்ர்ர். தூங்கிய குழந்தையெல்லாம் எழுந்து அழுதது.

நான் ராகவன் சார் கொடுத்த கொடிக்குப் பதிலாகக் கடையில் பெரியதாக ஒன்று வாங்கிக் கட்டினேன். அவர் வீட்டுக் கொடியைவிட ஒரு சாண் பெரியது. அதுவும் வினையாகப் போயிற்று. "ரொம்பத்தான் காட்டிக்கிறாங்க" என்று பேச்சு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். பேச்சு ஊர்ந்தால் மனுஷன் தேய்வான். அதை அந்த வாரம் கண்டேன்.

கொடி கட்டாத வீடு ஒன்றே ஒன்று. எதிர் வீட்டு சேவியர் சார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். சைரனுக்கு முன்பே விளக்கை அணைத்துவிட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார். அவரை யாரும் கேட்கவும் இல்லை. எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். இருட்டில் உட்கார்ந்து எங்கள் மாடியைப் பார்ப்பவர் வேறு யார்?

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். மாடிக்குப் போனார். வளையத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"எங்க மாமாவே ராயபுரத்துல புறா வுட்டவரு. ரேஸ் ரிங்குனு எனக்குத் தெரியும் பாய். ஆனா ஊரு வாய மூட முடியுமா? பேஜாரு வேணாம். கொஞ்ச நாளு வேற எங்கனா குடுத்து வையி."

அன்றே என் கணவர் புறாக்களை ஆட்டோவில் ஏற்றி ஊரப்பாக்கத்தில் இருக்கும் தன் சிநேகிதர் தாஸிடம் கொண்டுபோய் விட்டார். தாஸும் புறாக்காரர்தான். வீடு காலியானது போல இருந்தது. எனக்கு நிம்மதி என்று பொய் சொல்ல மாட்டேன். கூவல் சத்தம் இல்லாமல் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு காலை. தெருமுனையில் ராகவன் சார் மைக்கில் பேசுகிறார். தெருவே கொடியோடு நிற்கிறது. நாங்களும் நிற்கிறோம். அப்போது தெற்கே இருந்து அந்தச் சத்தம். சர்ர்ர் என்று இறக்கைக் காற்று. அண்ணாந்து பார்க்கிறேன். எங்கள் புறாக்கள். மொத்தமும். தாஸ் தன் புறாக்களுக்காகக் கூண்டைத் திறந்திருக்கிறார். அவ்வளவுதான். கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டன. இன்னொரு வட்டம்.

"பாருங்க சார்! அனுப்பினா திரும்பி வருது! யாரோ ஆபரேட் பண்றாங்க!"

பந்தயப் புறாவை யாரிடம் கொடுத்தாலும் வீட்டுக்குத்தான் வரும். அதை என் கணவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தே கொடுத்தாரா? "தாஸ் பூட்டி வைப்பான்னு நெனச்சேன்" என்றார். நான் நம்பவில்லை. திரும்பி வரட்டும் என்றுதான் கொடுத்திருப்பார். என் வீட்டு மனுஷனையே நான் சந்தேகப்பட்டேன். அந்த வாரம் அப்படிப்பட்ட வாரம்.

புறாக்கள் இரண்டாவது வட்டத்தில் இருக்கும்போதே தளத்தின் பக்கமிருந்து உறுமல். விமானம் ஏறுகிறது. தாழ்வாக. மிகத் தாழ்வாக. புறாக்கள் சிதறின. விமானம் போய்விட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சேவியர் சாரின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது.

அன்று மதியம் அவர் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். உட்காரவில்லை.

"காதர், நீ டைம் பாத்துத்தான் தொறப்பே. எனக்குத் தெரியும். பிளேன் மேல இருக்கும்போது நீ ஒரு நாளும் விட்டதில்ல. இப்ப டைம் கெடையாதுப்பா. எப்ப வேணா ஏறும். இன்ஜின் வெடிக்க ஒரு புறா போதும்."

தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார். இருட்டில் உட்கார்ந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் மாடியை அல்ல. வானத்தை. அதற்காக அவர்மேல் இருந்த சந்தேகம் முழுதும் போனது என்று சொல்ல மாட்டேன். பாதி போனது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. இவர் ஒவ்வொரு புறாவின் இறக்கையையும் நூலால் கட்டினார். பறக்க முடியாதபடி. தையல் போடுவது மாதிரி நிதானமாக. நான் கத்தினேன்.

"இந்தத் தெருவுக்குப் பயந்துகிட்டா விக்கறீங்க? கல்லால அடிச்சவனுக்கா?"

"தெருவுக்கு இல்லம்மா. மேல ஓட்டிட்டுப் போறான் பாரு ஒரு பையன். அவனுக்கு."

அவர் கொடி பிடித்து நான் பார்த்ததில்லை. கோஷம் போட்டும் பார்த்ததில்லை. அன்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். வெறும் கூடையோடு வந்தார். அவர் சொன்ன காரணத்தை நான் அன்றைக்கு நம்பவில்லை. பயத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன். இப்போதும் சில நாள் அப்படித்தான் நினைக்கிறேன். சில நாள் அழுகை வருகிறது.

இரண்டு நாள் கழித்துச் சண்டை நின்றது. தெருவில் பட்டாசு. லட்டு. எங்கள் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வந்தது. கல்பனா அக்காதான் கொண்டுவந்தார். என் கண்ணைப் பார்க்காமல் கொடுத்தார்.

ஆடி மாதம். ஒரு மத்தியானம் துணி காயப்போடப் போகிறேன். மதில்மேல் புள்ளி. பறந்து வந்திருக்க முடியாது. ஒரு இறக்கையில் இன்னும் நூல். தத்தித் தத்தி, சுவர் சுவராகத் தாவி வந்திருக்கிறது. எத்தனை நாள் நடந்ததோ. டப்பாவைக் குலுக்கினேன். சத்தத்தை நோக்கி வந்தது. அவர் வீட்டுக்கு வந்ததும் நூலை அறுத்தார். புறாவை மடியில் வைத்துக்கொண்டார்.

"இத வெளிய விடமாட்டேன். கூண்டுலயே இருக்கட்டும். யாருக்கும் தெரிய வேணாம்."

தெரிந்துவிட்டது. எங்கள் மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. யாரும் ஏறலாம். ஒரு காலையில் கூண்டுக் கொக்கி திறந்து கிடந்தது. புள்ளி படிக்கட்டின் அடியில். கழுத்து திருகியிருந்தது. வளையம் போட்ட கால் மட்டும் இல்லை. நறுக்கியிருந்தார்கள். பூனை என்றார் ராகவன் சார். பூனை கத்தரிக்கோல் பிடிக்காது.

ஆகஸ்ட் வந்தது. சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் ராகவன் சாரே எங்கள் கேட்டுக்கு வந்தார்.

"பாய், வழக்கம்போல நாளைக்கு ஃபிளாக் ஏத்தும்போது புறா விடணும். குழந்தைங்க கேக்கறாங்க. ஒரு ஜோடியாவது இருக்குமே?"

வருடா வருடம் கொடி ஏறியதும் எங்கள் புறாக்களைத்தான் பறக்கவிடுவார்கள். தெருமுனையில் விட்டால் உடனே மாடிக்கு வந்துவிடும். "என்ன விசுவாசம் பாருங்க" என்று மைக்கில் சொன்னவரும் அவர்தான். அவர் முகத்தில் கிண்டல் இல்லை. குற்றம் இல்லை. மறந்தே போயிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கொண்டுவரேன் சார்" என்றேன்.

"வேணாம் பல்கீஸ்" என்றார் இவர், அவர் போன பிறகு. நான் கேட்கவில்லை.

காலை. கொடி ஏறியது. பூ உதிர்ந்தது. பாட்டு முடிந்தது. நான் கூடையோடு முன்னால் போனேன். மூடியைத் திறந்தேன். எல்லோரும் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். கை தட்டக்கூட ஆரம்பித்தார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. நான் பேர்களைச் சொன்னேன். சத்தமாக. செவலை. பெரிய சாம்பல். சின்ன சாம்பல். கருப்பி. டீத்தூள். பால்காரன். ராஜா. கடைசியாகப் புள்ளி.

சேவியர் சார் தொப்பியைக் கழற்றினார். என் கணவர் கொடிக்கு வைத்த சல்யூட்டை இறக்கவில்லை. மேலேயும் பார்க்கவில்லை.

இன்னொருவரும் மேலே பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று எழுத மாட்டேன். தலை குனிந்து நின்றது மட்டும் சாட்சி ஆகாது. வெளிச்சத்தை மட்டும் வைத்து இந்தத் தெரு எங்களுக்குத் தீர்ப்பு எழுதியது. அதே வேலையை நானும் செய்ய மாட்டேன்.

இழந்தவை இவை. சந்தையில் ஏழு புறாக்கள். படிக்கட்டில் ஒன்று. கல்பனா அக்காவோடு இருந்த பேச்சு. என் கணவரின் நெற்றியில் ஒரு தழும்பு. மசங்கும் நேரத்தில் அண்ணாந்து பார்க்கும் அவர் பழக்கம்.

பிறகு ஒரு அலுமினிய வளையம். எண் எனக்கு மனப்பாடம். அது இந்தத் தெருவில்தான், ஏதோ ஒரு வீட்டில், இன்னும் இருக்கிறது. நான் அந்த வீட்டுக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.