நரேஷை நம்பி ஒருவருமில்லை

மமதா மேடம், கோணல் கோடு கண்ணில் பட்டால் எனக்கு டீ கூட இறங்காது. அது ஒன்றுதான் என் குறை. மற்றபடி பத்ரிநாத் யார் வம்புக்கும் போகாதவன் என்று டீமில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மென்பொருள் செய்யுமுன் சம்பந்தப்பட்ட ஆட்களை வட்டங்களாகப் போடுவேன். உள்ளே அவரவருக்கு என்ன வேண்டும் என்று எழுதுவேன். ஒருவர் இன்னொருவரை நம்பியிருந்தால், நம்பியிருப்பவரிடமிருந்து மற்றவருக்கு ஓர் அம்பு.

போன ஜனவரியில், சும்மா கை பழக, நம் டீமையே வரைந்தேன். நரேஷுக்கும் மகாவுக்கும் நடுவில் அம்புகள் இடியாப்பமாகக் கிடந்தன. சாயங்காலம் மர்பி டவுனில் இருக்கும் வீட்டுக்குப் போக அவளுக்கு அவன் பைக். மத்தியானம் அவனுக்கு அவள் டப்பாச் சாப்பாடு. கஸ்டமரிடம் பேசுமுன் அவளுக்குப் பயம், பக்கத்தில் அவன் உட்கார வேண்டும். ஆவணியில் கல்யாணம் என்று மண்டபமும் பார்த்துவிட்டார்கள்.

அவர்கள் காதலில் நான் கை வைக்கவில்லை. காதலுக்கு எங்கள் படத்தில் குறியீடே கிடையாது. அம்புகளுக்கு மாற்று ஏற்பாடு செய்தேன், அவ்வளவுதான். வண்டி பார்க்கும் மஞ்சுநாத்திடம் சொல்லி ஆபீஸ் வண்டியை மர்பி டவுனில் நிற்க வைத்தேன். நரேஷுக்கு நல்ல மெஸ் ஒன்று காட்டினேன். கஸ்டமர் பேசும்போது மகா பக்கத்தில் நானே உட்கார்ந்தேன். அவள் தாங்க்ஸ் கூடச் சொன்னாள்.

ஜூனில் நீங்கள் கேட்டீர்கள்: "புனேக்கு ரெண்டு வருஷம் ஒருத்தர் போகணும். யார் போனா இங்க வேலை நிக்காது, பத்ரி?"

நான் படத்தைத் திருத்திப் போட்டுக் காட்டினேன். நரேஷின் வட்டத்துக்கு ஓர் அம்புகூட வரவில்லை. 'இவரை நம்பி ஒருவருமில்லை' என்று கீழே எழுதினேன். கல்யாண விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலில் புனேயிலிருந்து மகாவுக்கு நரேஷின் போன் தினமும் வந்தது. பிறகு சண்டைக்கு மட்டும் வந்தது. ஆவணியில் மண்டபத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். மகா அழுத கண்ணோடு வேலைக்கு வந்தபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

போன வாரம் ஜனவரியில் போட்ட அந்தப் பழைய படம் அவள் கண்ணில் பட்டுவிட்டது. நேரே என் மேஜைக்கு வந்தாள்.

"எல்லாருக்கும் இன்னா வேணும்னு எழுதிகிற. உன் வட்டம் மட்டும் காலியா கீதே பத்ரி. உனுக்கு இன்னா வேணும்?"

படம் போடுகிறவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது? அவர்களைப் பிரித்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் எனக்கென்று எதுவும் இல்லை.

மர்பி டவுனில் வண்டி நிற்பதையும் நேற்று நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஒரே ஆளுக்காக ஒரு நிறுத்தம் வீண் செலவு. மகா கவலைப்பட வேண்டாம், என் ஸ்கூட்டரில் பின்சீட் காலிதான். அவள் அளவுக்கு ஒரு ஹெல்மெட்டும் இருக்கிறது. பிப்ரவரியில் வாங்கியது, தள்ளுபடி போட்டிருந்தார்கள்.