முத்துச்சலாபம், ரெண்டாம் பதிப்பு

...சுறாவக் கொறைக்கணுமாம் அண்ணாச்சி! கேட்டியளா கூத்த? முத்துக்குளிக்கப் போற வெளையாட்டுல சுறா வேண்டாம்னா, வீட்ல தண்ணித் தொட்டிக்குள்ள தலைய முக்கிக்கிட்டு இருக்க வேண்டியதுதான? இருங்க, ஒங்க ஆதாரு ஜெராக்ஸ் எடுத்துத் தாரேன். மிசினு ஓடிக்கிட்டு இருக்குல்லா, நடுவுல நிப்பாட்டுனா பேப்பரு சிக்கிரும். ரெண்டாம் பதிப்பு அண்ணாச்சி! நாப்பத்தெட்டுப் பக்கம். முத்துச்சலாபம்னு பேரு, முத்துக்குளிப்ப அந்தக் காலத்துல அப்பிடித்தான் சொல்லுவாக. எழுதுனது இந்த ஆன்டனிதான். ஜெராக்ஸ் கடக்காரன் அடுத்தவன் எழுதுனதத்தான் அடிக்கணும்னு சட்டமா என்ன?

என்ன... தாயமா? அது சரி! எல்லாரும் இததான் கேக்காக. தாயமும் இல்ல, பல்லாங்குழியும் இல்ல. ஒரு மேச, சுத்தி ஆளுக. ஒருத்தன் கத சொல்லுவான், அது நானு. மத்தவுக ஆளுக்கொரு பாத்திரம். முங்கி முத்தெடுக்கவரு ஒருத்தரு, படகு மொதலாளி ஒருத்தரு, இப்பிடி. 'அல அடிக்கு, என்ன செய்யப் போறிய?'ன்னு நான் கேப்பேன். 'நான் இன்னது செய்யுதேன்'னு அவுக சொல்லணும். சொன்னது நடக்கா நடக்கலயான்னு பகட உருட்டுனாத் தெரிஞ்சிரும். சின்னப்புள்ள வெளையாட்டா? அய்ய... அப்பிடிச் சொல்லாதிய.

மூணு வருசமா ஞாயித்துக்கெழம பூசையும் முடிஞ்சு, மத்தியானச் சோத்தயும் முடிச்சிட்டு, இந்தா இந்தக் கடையிலதான் மூணு பேரு கூடுவாக. சரி, புதுப் பதிப்பு போடுதோமே, வெளையாடுதவுக ஆச என்னன்னு கேப்போம்னு ஆளுக்கொரு துண்டுச்சீட்டு குடுத்தேன். சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கததான்!

சுறாவக் கொறைக்கச் சொன்னது ஸுஹைபு. காயல்பட்டணத்துக்காரரு. கப்பலோட்டுன பரம்பரன்னு நிமிசத்துக்கு ஒருதரம் சொல்லுவாரு, சுறா வந்துட்டுன்னா மட்டும் பகடைய அடுத்தவுக பக்கம் தள்ளிருவாரு. அடுத்தது செந்தூர்வேலு. ஹார்பர்ல கிரேன் ஓட்டுதாரு. காத்து அட்டவணயத் தூக்கிரணுமாம்! வாட, கொண்டல், கச்சான்னு ஆறு பக்கம் உயிரக் குடுத்து எழுதிருக்கேன். அம்புட்டு ஒசரத்துல ஒக்காந்து வேல பாக்க மனுசனுக்குக் காத்து வேண்டாமாம். நான் வாங்கி வைக்க மக்ரூன் தட்டக் காலி பண்ணுறதுக்கு மட்டும் இவுகளுக்கு ஒரு அட்டவணயும் வேண்டாம்!

பிலோமி டீச்சரு இருக்காகளே... அவுகதான் மொதல்ல வந்த ஆளு. ஊரே சிரிச்சப்போ ஒரு நோட்ட எடுத்துக்கிட்டு வந்து முன்னால ஒக்காந்தாக. பக்கம் பக்கமா எழுதித் தருவாகன்னு இருந்தேன். ஒரே வரி அண்ணாச்சி! 'முங்குன ஆளு மேல வரணும்.' இது ஒரு கோரிக்கயா? முங்குனவன் மேல வராம, பின்ன கொழும்புக்கா போவான்?

...டீச்சரு பாத்திரம் எப்போ முங்குச்சுன்னா கேக்கிய? அது... மூணு ஞாயிறு ஆச்சு. அட, சாவல அண்ணாச்சி! ரூல்படி மூச்சு ஒண்ணர நிமிசம்தான். அந்த ஒண்ணர நிமிசத்தச் சொல்லுததுக்கு எனக்கு மூணு ஞாயிறு ஆயிட்டு. கடலுக்கடியில கொஞ்சமாவா கெடக்கு? சிப்பி இருக்கு, பாசி இருக்கு, ஒரு கெழட்டுத் திருக்க மீனு இருக்கு, அதுக்கு வாலுல ஒரு தழும்பு இருக்கு. அது எப்பிடி வந்துச்சுன்னு சொல்ல வேண்டாமா? மத்த ரெண்டு பேரும் படகுலயே ஒக்காந்துருந்தாக. பகட உருட்ட வேல இல்லதான்... கேட்டுக்கிட்டு இருக்கதுக்கு என்ன கேடு?

முங்குறவரு கயித்த அந்தக் காலத்துல யாரு பிடிப்பா, தெரியும்லா? மச்சினன்தான். கூடப்பொறந்தவ தாலிய நெனச்சாவது கயித்த விட மாட்டான்னு ஒரு நம்பிக்க. நம்ம வெளையாட்டுலயும் அதே ஏற்பாடுதான். டீச்சரு பாத்திரத்துக்கு மச்சினன்... நானு. கயிறு ஆடுனா என்ன செய்யணும்னு மொதப் பக்கத்துலயே கொட்ட எழுத்துல போட்டிருக்கு. 'பேச்ச நிறுத்து. இழு.' எழுதுனது யாரு? நாந்தான்.

மேசையில கயிறு ஏது, கைய ஆட்டுனாக் கயிறு ஆடுன கணக்கு. டீச்சரு கைய ஆட்டுனாக. மொத ஞாயிறே ஆட்டுனாக. பாக்காம இல்ல அண்ணாச்சி, பாத்தேன். இந்தத் திருக்கைய மட்டும் முடிச்சிட்டு இழுப்போம்னு நெனச்சேன். ரெண்டாவது வாரமும் ஆட்டுனாக. மூணாவது வாரம் ஆட்டல. நோட்ட மூடி வச்சிட்டாக. நான் அப்பவும் பேசிக்கிட்டேதான் இருந்தேன்.

நாளைக்கு யாரும் வரலயாம். மூணு பேரும் சொல்லிட்டாக. புத்தகம் சூடா வந்துக்கிட்டு இருக்கு, வெளையாட ஆளு இல்ல. அண்ணாச்சி... நீங்க வாரியளா? மூணு மணிக்கு. மாதா சத்தியமா நான் வாயத் தொறக்க மாட்டேன். கயிறு மட்டும் பிடிக்கேன். நீங்க லேசா ஆட்டுனாப் போதும், அந்த நிமிசமே இழுத்துருதேன். எப்பிடி இழுப்பேன்னா, மொதல்ல கால ஊனி, அப்புறம் கயித்த இடுப்புல ஒரு சுத்துச் சுத்தி...

என்ன அண்ணாச்சி, கைய ஆட்டுதிய? இருங்க, இருங்க. இத மட்டும் முடிச்சிக்கிடுதேன்...