மோட்டாரை நிறுத்தாத பெண்

நேற்று மாலை நான்கரை மணிக்கு இடி விழுந்ததாம். காலையில் சூளகிரியில் ஓசூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற இருவர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பங்களாத் தோட்டக்காரர், மற்றவர் மோட்டார் மேஸ்திரி. காலடியில் கோணிச் சாக்கு. பங்களாவின் நீச்சல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அதற்குள் கருகிக் கிடந்தது.

"அடிக்கத்தான் குச்சி எடுத்துக்கினு போனன் மேஸ்திரி."

"யாரப்பா?"

"எம் பொண்ணத்தான். வானம் உறுமினா மோட்டார நிறுத்தறது அவ வேலை. தூங்கிட்டா."

"உள்ள சுத்தின கம்பிக் காயிலு பூரா கருகிப் போச்சு. பெங்களூருலதான் புதுசா சுத்தணும். சுவிச்சுப் பெட்டி என்னாச்சு?"

"தெறிச்சுப் போயி தொட்டிக்குள்ள கெடந்தது. முழிச்சிருந்தா அதுமேலதான் கை வெச்சிருப்பா. குச்சியப் போட்டுட்டு அங்கியே உக்காந்துட்டன்."

"மொதலாளி கேட்டா?"

"வேலைய வுட்டுப் போடான்னுவாரு. போறன்."

"தூங்கினதே நல்லதுன்னு பொண்ணுகிட்ட சொன்னியா?"

"எங்க சொல்றது. ராத்திரி பூரா வாயே வரல."



பஸ் வருவதற்குள் அந்தப் பெண்ணே சோற்று மூட்டையுடன் ஓடி வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அதை நீட்டினாள்.

"இனிமே தூங்கமாட்டன்ப்பா. இடி இடிச்சா ஓடிப்போயி நிறுத்திடறன்."