பதினேழாவது கண்ணி

ஜொவிட்டா: ...அஞ்சே நிமிஷம் அண்ணாச்சி. பட்டையைக் கையில குடுங்க, இந்த ஸ்டூல்லயே உக்காந்து ஒரு சின்ன வேலை பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன். நீங்க பார்த்துக்கிட்டே இருங்க, வேணாங்கலை.

நல்லசிவம்: இந்த வெயில்ல சாந்தோம்லேருந்து பஸ் பிடிச்சு வந்திருக்கே. முதல்ல மோர் குடி. தேவானை, பிள்ளைக்கு மோர்...

தேவானை: வச்சு நாழியாச்சு. முன்னாலதான் இருக்கு. உங்க கண்ணுதான் வாசல்ல இருக்கு.

ஜொவிட்டா: மோர் குடிச்சாச்சு. பட்டை?

நல்லசிவம்: எந்தப் பட்டை?

ஜொவிட்டா: அண்ணாச்சி!

நல்லசிவம்: இல்லம்மா... பாண்டி பஜார்ல வாட்ச் கடை வச்சிருக்கவன் கிட்ட வந்து பட்டைன்னா, தோல் இருக்கு, ரெக்சின் இருக்கு, தங்க முலாம் இருக்கு...

ஜொவிட்டா: போன வியாழக்கிழமை நானே செஞ்சு சாம்பிளுக்குக் குடுத்தேனே. டங்ஸ்டன் கார்பைடு. கீறலே விழாத பட்டை. ‘ஷோகேஸ்ல வைங்க, பிடிச்சா அம்பதுக்கு ஆர்டர் லெட்டர் குடுங்க’ன்னேனே.

நல்லசிவம்: ஓ... அதுவா. பத்திரமா இருக்கு. உள்ள, பீரோவுல.

ஜொவிட்டா: எடுங்க.

நல்லசிவம்: சாவி தேவானை கிட்ட.

தேவானை: என் கிட்டயா?

நல்லசிவம்: உன் கிட்டதான... நேத்து வாங்கினல்லா...

தேவானை: ஆங்... ஆமா ஆமா. வீட்டுல வச்சுட்டேன். கே.கே. நகர்ல.

ஜொவிட்டா: சாவிக் கொத்து உங்க இடுப்புலதானே அக்கா தொங்குது?

தேவானை: இது வேற கொத்து. போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேள்வி கேக்குதியே பிள்ள.

நல்லசிவம்: அது கிடக்கட்டும். பட்டையில உனக்கு என்ன வேலை இப்ப?

ஜொவிட்டா: ஒண்ணுமில்ல... லேசா பாலிஷ் போடலாம்னு.

நல்லசிவம்: பாலிஷா? ‘கீறாது, மங்காது, இன்னும் அம்பது வருஷம் போனாலும் இதே பளபளப்பு’ன்னு நீதான அன்னைக்கு அரை மணி நேரம் பேசினே. அஞ்சு நாள்ல அதுக்கு எதுக்கு பாலிஷ்?

ஜொவிட்டா: அது... கைரேகை பட்டிருக்கும்ல.

தேவானை: கைரேகைக்கு என் முந்தானை போதுமே.

நல்லசிவம்: பாலிஷ் கதையை விடு. சரக்குலயே எனக்கு ரெண்டு குறை தெரியுது.

ஜொவிட்டா: என் சரக்குலயா? சொல்லுங்க, சொல்லுங்க.

நல்லசிவம்: ஒண்ணு, கனம். தராசுப் படிக்கல்லை எடுத்து மணிக்கட்டுல கட்டின மாதிரி இருக்கு.

ஜொவிட்டா: வெண்கலப் பானை வாங்கப் போனா நீங்க முதல்ல என்ன பண்ணுவீங்க? தூக்கிப் பார்ப்பீங்க. கனமா இருந்தாத்தானே வாங்குவீங்க?

தேவானை: அது நிஜம்.

நல்லசிவம்: நீ எந்தக் கட்சி?

தேவானை: நான் கல்லாக் கட்சி.

நல்லசிவம்: ரெண்டாவது குறை பெரிசு. இது தேயாது.

ஜொவிட்டா: அதுதானே அண்ணாச்சி பெருமை!

நல்லசிவம்: உனக்குப் பெருமை, எனக்குப் பட்டினி. பட்டைன்னா ஒரு வருஷத்துல கருக்கணும், கண்ணி தொங்கணும், கொக்கி விட்டுப் போகணும். ஆளு திரும்பிக் கடைக்கு வரணும். வந்தவன் கையோட ஒரு பேட்டரியும் மாத்திக்கிட்டுப் போகணும். ஒரே பட்டையை ஆயுசுக்கும் கட்டிக்கிட்டுத் திரிஞ்சான்னா, நான் பிளாட்பாரத்துல ரிப்பன் விக்க வேண்டியதுதான்.

ஜொவிட்டா: விப்பீங்க, ரிப்பன்லயும் ரெண்டு குறை சொல்லித்தான் கொள்முதல் பண்ணுவீங்க. அண்ணாச்சி, கிண்டியில எங்க கம்பெனியில இதே சரக்கைத்தான் லேத்துக் கத்தி முனைக்குப் போடறோம். இரும்பை வெள்ளரிக்கா மாதிரி சீவும். அதைக் கொண்டுபோய் கையில கட்டலாம்னு அங்க ஒருத்தருக்கும் தோணலை. எட்டு வருஷமா அடுத்தவங்க வரைஞ்சதை டிரேஸ் எடுத்துக்கிட்டிருந்தேனே, எனக்குத்தான் தோணிச்சு.

தேவானை: என்னமோ சூளையில சுடணும்னியே பிள்ள?

ஜொவிட்டா: ஆமாக்கா. பவுடரை அச்சுல அழுத்தி சூளையில வைக்கணும். வெளிய வரும்போது அஞ்சுல ஒரு பங்கு சுருங்கிடும். அதனால ஒவ்வொரு கண்ணியையும் கணக்காப் பெரிசா வரைஞ்சேன். டூல் ரூம் ஆளுங்க பார்த்துட்டு, ‘இன்னாம்மா இது, வாட்ச்சு மனுசனுக்கா, யானைக்கா’ன்னு ஒரே கூத்து. சுட்டு எடுத்து அளந்தேன்... நூல் பிசகலை. ஒருத்தன் வாய் திறக்கணுமே!

தேவானை: வடகம் மாதிரி. ஈரத்துல பெரிசு, காஞ்சா சிறுசு.

ஜொவிட்டா: அதேதான்.

தேவானை: முதல் ஈடே சரியா வந்துச்சாக்கும்?

ஜொவிட்டா: முதல் ஈடு... அதை விடுங்க.

நல்லசிவம்: சொல்லு, சொல்லு. ரொம்ப நேரமா நீயே ஜெயிச்சுக்கிட்டிருக்கே.

ஜொவிட்டா: கண்ணியையும் கண்ணியையும் சேர்க்க ஊசி போகணும்ல, அதுக்கு ஓட்டை விட மறந்துட்டேன். ‘சுட்டப்புறம் துளை போட்டுக்கலாம்’னு இருந்துட்டேன். எதுவும் இதைத் தொட முடியாது, தொட முடியாதுன்னு ஊரெல்லாம் சொன்னவ நானு... எனக்கே அது உறைக்கலை. டிரில்லு முனைதான் மழுங்கிச்சு. பத்தொம்பது கண்ணியும் குப்பை.

நல்லசிவம்: ஹ... ஹ... ஹ...

ஜொவிட்டா: சிரிச்சு முடிச்சாச்சுன்னா சொல்லுங்க.

நல்லசிவம்: சரி, உனக்கு லெட்டர்தான வேணும்? எழுதித் தாரேன். அம்பது.

ஜொவிட்டா: ...என்னது?

நல்லசிவம்: அம்பது பட்டைக்கு ஆர்டர். கடை லெட்டர்ஹெட்ல, சீல் போட்டு.

ஜொவிட்டா: இப்பதானே பட்டினின்னீங்க, படிக்கல்லுன்னீங்க...

நல்லசிவம்: குறை சொல்லாம எதை வாங்கியிருக்கேன் நான்? எங்கப்பா பொண்ணு பார்க்கப் போன எடத்துலயே ‘பெஞ்சு ஆடுது’ன்னு சொல்லிட்டுத்தான் தட்டு மாத்தினாரு.

தேவானை: அது எங்க வீட்டுப் பெஞ்சு. அதை இன்னும் எங்கம்மா மறக்கலை.

நல்லசிவம்: லெட்டர் எப்ப வேணும்?

ஜொவிட்டா: நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எங்க மொதலாளி மேஜையில இருக்கணும். ‘டி. நகர்ல ஒரே ஒரு வியாபாரி நம்பிக் கையெழுத்துப் போடட்டும், நானும் நம்பறேன்’னுட்டாரு. லெட்டர் இருந்தா பட்டைக்குன்னு தனி செக்‌ஷன், நான் இன்சார்ஜ், டிராயிங் மூலையில என் பேரு. இல்லைன்னா மறுபடியும் டிரேசிங் மேஜை. சூளைப் பக்கமே வரக்கூடாதாம்.

நல்லசிவம்: அவ்வளவுதான? பேனாவை எடு தேவானை.

ஜொவிட்டா: வேணாம்.

நல்லசிவம்: வேணாமா?

ஜொவிட்டா: முதல்ல பட்டை. அஞ்சு நிமிஷம். அப்புறமா லெட்டர்.

தேவானை: எத்தனையோ வருஷமா கல்லாவுல உக்காந்திருக்கேன். ஆர்டரை வேணாங்கற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கேன்.

நல்லசிவம்: உன் சரக்கு மேல உனக்கே சந்தேகமா?

ஜொவிட்டா: எனக்கா? என் சரக்கு மேலயா? இதோ பாருங்க...

நல்லசிவம்: ஏ... ஏ... கண்ணாடி! மேசைக் கண்ணாடி! என்ன பண்ணுத?

ஜொவிட்டா: கோடு விழுந்துச்சா? இப்ப இந்தக் கண்ணியைப் பாருங்க. உங்க லென்ஸைக் கண்ணுல மாட்டிக்கிட்டே பாருங்க. தெரியுதா ஏதாவது?

நல்லசிவம்: கண்ணியில ஒண்ணும் இல்லை. என் கண்ணாடியில சைதாப்பேட்டை வரைக்கும் ரோடு போட்டிருக்கே.

தேவானை: இந்தக் கண்ணி ஏது பிள்ள?

ஜொவிட்டா: எது?

தேவானை: கைப்பையிலேருந்து எடுத்து மேசையில இழுத்தியே, அது. பட்டை முழுசா எங்க கிட்டல்லா இருக்கு. உதிரியா ஒரு கண்ணி உனக்கேது?

நல்லசிவம்: கேக்காள்ல? சொல்லு.

ஜொவிட்டா: பட்டையில இருக்க வேண்டிய கண்ணி அது. கொக்கிப் பக்கத்துலேருந்து எண்ணினா பதினேழாவது.

நல்லசிவம்: அப்ப பதினேழாவது எடத்துல இப்ப என்ன இருக்கு?

ஜொவிட்டா: ஸ்டீல். சாதா ஸ்டீல்.

நல்லசிவம்: ஸ்டீலா? எப்படிம்மா?

ஜொவிட்டா: புதன்கிழமை கோத்துக்கிட்டிருக்கும்போது கை நழுவிக் கல்லுத் தரையில விழுந்துச்சு. மூலையில சில்லு போயிடுச்சு. கீறல் விழாது, ஆனா ஓங்கிப் போட்டா சில்லு போகும், அதை அன்னைக்கே உங்ககிட்ட மறைக்காம சொன்னேன். மாத்துக் கண்ணி கிடையாது. ஞாயித்துக்கிழமைதான் சூளை எனக்குக் கிடைக்கும். வியாழக்கிழமை கொண்டு வர்றேன்னு நான்தான் உங்ககிட்ட மார் தட்டிட்டுப் போனேன். சொன்ன நாளைக்கு வராட்டி என் மானம் என்ன ஆகறது? ஸ்டீல்ல ஒண்ணு சீவி, நிறம் பொருத்திச் சொருகிட்டேன். பார்த்தா எனக்கே வித்தியாசம் தெரியாது.

தேவானை: பெருமை படுத்துன பாடு.

ஜொவிட்டா: ஞாயித்துக்கிழமை பூசைக்குக்கூடப் போகாம நிஜக் கண்ணியைச் சுட்டேன். நேத்து பூரா வைரத்தூள் போட்டுத் தேய்ச்சேன். மாத்திட்டா நிம்மதி அண்ணாச்சி. அந்த ஒண்ணுல எவனாவது ஒரு கோடு போட்டுட்டான்னா, மத்த பதினெட்டும் பொய்யின்னு ஆயிடும். பொய்ச் சரக்கை வச்சு உங்ககிட்ட கையெழுத்து வாங்கி, அதுக்கு மேல என் பேரைப் போட்டுக்க முடியாது என்னால.

நல்லசிவம்: ஸ்டீல்னா... சாவி பட்டாலே விழுமா?

ஜொவிட்டா: லேசா இழுத்தாலே விழும்.

நல்லசிவம்: தேவானை, ஃபேனைக் கூட்டு.

தேவானை: அஞ்சுலதான் ஓடுது.

ஜொவிட்டா: என்ன அண்ணாச்சி, முகமெல்லாம் வேர்க்குது? பீரோவைத் திறங்க, முடிச்சுடலாம்.

நல்லசிவம்: பீரோவுல பட்டை இல்லைம்மா.

ஜொவிட்டா: பின்ன?

நல்லசிவம்: வித்துட்டேன்.

ஜொவிட்டா: சாம்பிளையா!

நல்லசிவம்: வெள்ளிக்கிழமை ஷோகேஸ்ல வச்சு அரை மணி நேரம் ஆகலை. ஒருத்தரு வந்தாரு. ‘அது விக்கறதுக்கில்லை’ன்னேன். அப்படிச் சொன்னப்புறம் எவன் விடுவான்? கையில அரத்தைக் குடுத்துத் ‘தேய்ங்க’ன்னேன். நடுக் கண்ணியில வச்சு இழுத்தாரு. அரம் வழுக்கிக்கிட்டுப் போகுது! ‘ஜப்பானா’ன்னு கேட்டாரு. நெஞ்சை நிமிர்த்திக் ‘கிண்டி’ன்னேன்.

ஜொவிட்டா: ...கிண்டின்னா சொன்னீங்க?

நல்லசிவம்: ‘கிண்டி. சாந்தோம் பொண்ணு ஒருத்தி வரைஞ்சு, சுட்டு, கோத்தது’ன்னேன். உள்ளூர்ச் சட்டைப் பித்தானுக்கே ஃபாரின் பேரு சொல்லி விக்கற தெருவுல, அப்படிச் சொல்லி வித்திருக்கேன். கடையில நின்ன அத்தனை பேரும் எட்டிப் பார்த்தாங்க.

ஜொவிட்டா: அப்ப கனம், படிக்கல்லு, பட்டினி எல்லாம்...?

நல்லசிவம்: கையில இல்லாத சரக்கை எப்படிம்மா காட்டறது? பேசிப் பேசி உன்னை பஸ் ஏத்திடலாம்னு பார்த்தேன்.

ஜொவிட்டா: சரி, வாங்கினவர் யாருன்னு சொல்லுங்க. போய் மாத்திடலாம்.

நல்லசிவம்: இன்னொண்ணு இருக்கு. அந்த ஜோர்ல... பில்லு மேல கேரண்டி எழுதிக் குடுத்துட்டேன். ‘ஆயுசுக்கும் ஒரு கீறல் விழுந்தாலும் பணம் வாபஸ், கடையில பிடிச்ச வாட்ச் ஒண்ணு இலவசம்.’ கையெழுத்து, சீல், தேதி.

ஜொவிட்டா: யாருக்கு?

நல்லசிவம்: அபிராமபுரம் ராஜகோபாலன்னு... ஹைகோர்ட் வக்கீல்.

ஜொவிட்டா: மாதாவே! வக்கீலுக்கா எழுதிக் குடுத்தீங்க?

நல்லசிவம்: நீ ஸ்டீலையா சொருகிக் குடுத்தே?

தேவானை: சண்டை போட்டுக்கிட்டே ரெண்டு பேரும் மோரைக் கொட்டிடாதீங்க.

நல்லசிவம்: கிளம்பு, ஆட்டோ பிடிப்போம். ‘இலவச சர்வீஸ்’னு ஏதாவது சொல்லிப் பட்டையை வாங்கி, ஓரமா உக்காந்து நைசா மாத்திடு.

ஜொவிட்டா: நைசால்லாம் கிடையாது. அவரு முகத்துக்கு நேரா ‘இது என் தப்பு’ன்னு சொல்லி, அவரு பார்க்க மாத்துவேன்.

நல்லசிவம்: வக்கீல் கிட்ட தப்பை ஒத்துக்கிட்டா கடை போயிடும்மா! உன் லெட்டரும் போயிடும்!

ஜொவிட்டா: போகட்டும். டிரேசிங் மேஜைதானே? எட்டு வருஷம் உக்காந்தேன், இன்னும் உக்காருவேன். ‘சாந்தோம் பொண்ணு செஞ்சது’ன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீங்களே, அது பொய்யாப் போகக்கூடாது.

தேவானை: உக்காருங்க ரெண்டு பேரும். வக்கீல் நேத்தே வந்துட்டுப் போயிட்டாரு.

நல்லசிவம்: என்னது? எப்ப?

தேவானை: நீங்க பேங்க்குக்குப் போயிருந்தீக. பில்லை நீட்டிக்கிட்டே படியேறினாரு.

நல்லசிவம்: என் கிட்ட ஏன் சொல்லலை?

தேவானை: நீங்க வித்ததை இந்தப் பிள்ள கிட்ட சொன்னீகளா? இது ஸ்டீலு சொருகினதை உங்க கிட்ட சொல்லுச்சா? எல்லாரும் ஒண்ணு ஒண்ணு மடியில வச்சிருந்தீக. நானும் வச்சுக்கிட்டேன்.

ஜொவிட்டா: அக்கா... கீறல் விழுந்திருந்துச்சா?

தேவானை: கோர்ட்டு கேன்டீன்ல நாலு பேரு முன்னால ஒவ்வொரு கண்ணியா சாவியால இழுத்துக் காட்டியிருக்காரு. மத்த பதினெட்டுலயும் ஒண்ணுமில்லை. பதினேழாவதுல பளிச்சுன்னு ஒரு கோடு. இத்தனை வருஷம் வாட்ச் கடையில இருக்கேன், ஸ்டீல்ல விழுந்த கோடு எனக்குத் தெரியாதா?

ஜொவிட்டா: நீங்க என்ன சொன்னீங்க?

தேவானை: ‘சார், பத்தொம்பதும் கீறாம இருந்தா, உங்க சாவி மொட்டைன்னுல்லா எதிர்க்கட்சிக்காரன் சொல்லுவான்? சாவி நல்ல சாவிதான்னு சாட்சி சொல்லத்தான் ஒரே ஒரு கண்ணியை ஸ்டீல்ல வச்சிருக்கு. டிசைனே அப்படித்தான்’னேன்.

ஜொவிட்டா: டிசைனா! அது நான் மூடி மறைச்ச தப்புக்கா! அதை எந்த முகத்தோட டிராயிங்ல போடறது?

தேவானை: உன் பேரைப் போடுவியே, அந்த முகத்தோட போடு. இன்னைக்குக் கடை திறந்ததும் முதல் போன் அவருதுதான். அவருகூட இருக்கற ஏழு வக்கீலுக்கும் பட்டை வேணுமாம், அந்தச் சாட்சிக் கண்ணி இல்லாதது ஒண்ணுகூட வேணாமாம். லெட்டரை எழுதுங்க... அம்பதுலயும் பதினேழாவது ஸ்டீல்னு தெளிவா எழுதுங்க.