நூத்தி எம்பது

— கைய ஆட்டாத பூவம்மா. காத்து அடிச்சிகினு கீறேன்ல. வாயும் தொறக்காத.

— தொறக்கல. ஏன் பிலோமியக்கா, இந்த பிரசர் மிசின் பையில என்னா இப்படி கவுச்சி அடிக்குது?

— ராயபுரத்துக்காரி பையில மல்லிப்பூ வாசமா வரும்? கம்னு இரு... மாதாவே. நூத்தி எம்பது.

— போன வாரம் எவ்ளோக்கா?

— நூத்தி எழுவது. அதுக்கு மின்ன நூத்தி அம்பத்தாறு. ஏறிகினே போவுதுடி.

— ஏறுனா நல்லதுதான?

— அடியே, இது இன்னா உன் பொண்ணு வாங்குற மார்க்கா? இப்டியே போனா நெஞ்சு தாங்காது. நாளிக்கி கேம்ப்புக்கு டாக்டரம்மா வருது. இத்த பாத்துச்சின்னா, ‘வயல்ல எறங்காத, ஊருக்குக் கெளம்பு’ன்னுடும்.

— செஞ்சிக்குப் போயி நான் என்னாக்கா பண்ணுவேன்? அங்க மழையும் இல்ல, வேலையும் இல்ல. இந்த மணலி கீரைத் தோட்டத்த நம்பித்தான பதினோரு பொம்பளைங்க ஒரே லாரியில ஏறி வந்தோம். எனக்கு பயமா இருக்குது.

— எனக்கு மட்டும் இன்னா, குஷியாவா கீது? பத்து நாள் டிரெய்னிங் எடுத்துகினு மிஷினத் தூக்கிகினு வரேன், என் கையில பாக்குற மொத ஆளு நீதான். உன்ன அனுப்பிட்டு நான் யாராண்ட வாயாடுறது? மறைக்காம சொல்லு. மாத்திரை?

— தெனம் காலைல ஒன்னு. அந்தா பாரு, காலி அட்டைய கூரையில சொருவி வெச்சிருக்கேன்.

— பக்கத்துல கீறவளுக்கு எதுனா பிச்சிக் குடுத்தியா?

— நீ குடுத்தத எவளுக்கும் தரல. அன்புக்கரசி கேட்டுப் பாத்தா. இல்லன்னுட்டேன், மூணு நாளா என்கூட பேசறதில்ல.

— ஊறுகா?

— நீ சொன்ன அன்னைக்கே ஜாடிய கழுவிக் கவுத்தாச்சி.

— கூழுக்கு உப்பு?

— ஒரு கல்லு போடறதில்ல, மாரியாத்தா மேல சத்தியம். எல்லாருக்கும் ஒரே பானைதான? என்னால பதினோரு பேரும் உப்பில்லாத கூழு குடிக்கிறோம். என்னைத் திட்டிக்கிட்டேதான் குடிக்கிறாளுங்க, ஆனா குடிக்கிறாளுங்க.

— தங்கமான பொம்பளைங்க. அப்பால எப்டி ஏறுது? பேஜாரா கீதே. ஆமா, அந்த சப்புன்னு கீற கூழு உனக்கு எப்டிடி தொண்டையில எறங்குது?

— வெறுங்கூழு எறங்குமா? நீ குடுத்தத கடிச்சிக்கிறேன். மூணு வேளையும், ஒரு வேளை தப்பாம.

— நானா? காலைல ஒரு மாத்திரைன்னுதானடி சொன்னேன்.

— மாத்திரை இல்லக்கா. அதோட சேத்து வாரா வாரம் பேப்பருல மடிச்சித் தருவியே, ‘எளச்சிப் போய்க் கீற, மிச்சம் வெக்காம துன்னு’ன்னு. நீ குடுத்தா அதுவும் மருந்துதானன்னு நானே துன்னுட்டு கெடக்கேன்.

— இரு, இரு. நான் இன்னா மடிச்சிக் குடுத்தேன்?

— உங்க மாமியாரு உப்பு கொட்டி காய வெக்கிற வாளக் கருவாடுக்கா. இந்த வாரமும் பையில இருக்குதுல்ல, அப்பலேர்ந்து வாசம் வருதே.