அடியில் ஒரு கீறல்கூட இல்லை

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், சார்ஜென்ட். பெயின்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் கீழ் விளிம்பு, பின்சக்கரத்தின் மேல் வளைவு, டிக்கியின் தரை. காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, வெறும் பட்டிதான். ஓஹாயோவில் குளிர்காலம் வந்தால் சாலையெல்லாம் உப்பு கொட்டுகிறார்கள். அது பனியோடு நிற்பதில்லை, தகரத்தையும் தின்னும்.

உங்கள் அப்பா ஓட்டிய மாதிரி ஒன்றை வாங்கிச் சரிசெய்ய ஆசை என்று காலையில் சொன்னீர்கள். என்னைப் பேசவைப்பதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். பரவாயில்லை. இந்தக் கேள்விக்கு நாற்பது வருடமாகப் பதில் சொல்லி வருகிறேன். வாய் தானாகச் சொல்லிவிடும்.

எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்காதீர்கள். ஓடாததை ஓடவைக்கலாம். எண்ணைப் பாருங்கள். கண்ணாடிக்குக் கீழே தகட்டில் இருக்கும் வண்டி எண்ணும், எஞ்சினில் குத்தியிருக்கும் எண்ணும் பொருந்த வேண்டும். பொருந்தினால், தொழிற்சாலையிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டவை இன்னும் ஒன்றாக இருக்கின்றன. மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும். அது கிடைக்காது.

இன்னொன்று. உங்களுக்கு எத்தனை வண்டி மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் சின்ன வயது. எனக்கு ஒன்றுதான் இருந்தது.

டெல்மார் புரூயிட், அறுபத்தெட்டு வயது, டிங்கரிங், பெயின்டிங் என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். சரிதான். நான் மீட்டெடுத்த பதினான்கு வண்டிகள் இந்த மாவட்டத்தில் ஓடுகின்றன. கோடையில் சனிக்கிழமை மாலை வங்கிக்குப் பின்னால் வரிசையாக பானெட்டைத் திறந்துவைத்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மடக்கு நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். நான் நாற்காலி கொண்டுபோனதில்லை. நடந்து பார்த்துவிட்டு வந்துவிடுவேன். ஒன்றுகூட என்னுடையதில்லை.

போன ஆகஸ்டில் மருத்துவர் நுரையீரல் படத்தைக் காட்டினார். நாற்பது வருடம் உப்புத்தாள் தூசியும் பெயின்ட்டும் உள்ளே போயிருக்கிறது. இன்னும் இரண்டு குளிர்காலம்தான் என்றார். ஒரு வண்டியை ஒழுங்காக முடிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் ஆகும். அப்போது எனக்குப் பயம் வரவில்லை. எந்த வண்டி என்றுதான் யோசித்தேன்.

மூன்று பார்த்தேன். லோகன் ஊரில் ஒரு ஷெவல் வண்டி, பாதி உடம்பு பட்டி. ஜாக்சன் பக்கம் ஒரு சார்ஜர் வண்டி, சேஸிஸில் துரு, கட்டைவிரல் உள்ளே போனது. இன்னொன்றின் சொந்தக்காரன் வாசலிலேயே அதிகம் சிரித்தான். கதவைக்கூடத் திறந்து பார்க்காமல் திரும்பினேன். பார்ப்பதற்கு முன்பே தெரியும், எனக்கு வேண்டியது ஆரினின் கொட்டகையில் இருக்கிறது.

ஆரின் ஹாஸ்கெட் என் நண்பன். இருபத்தாறு வருடப் பழக்கம். அவனிடம் 1968 பான்டியாக் ஜி.டி.ஓ. ஒன்று இருந்தது. பச்சை. அந்த மாடல் என்றால் வண்டி எண் 242 என்று தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் சாதா வண்டியில் பெயரை ஒட்டியது. அவனுடையது 242. முழு எண்ணும் எனக்கு மனப்பாடம். தூக்கம் வராத நாட்களில் சொல்லிப் பார்ப்பேன். சிமென்ட் தரை, ஒழுகாத கூரை. முப்பத்தைந்து வருடமாக உப்பே பார்க்காத தகரம். மேலே பழைய போர்வைகள், கிறிஸ்துமஸ் பெட்டிகள், ஒரு கிழிந்த கூடாரம்.

“எப்பதான்டா இதை எடுக்கப்போற?” என்று கேட்பேன்.

“அடுத்த வசந்தத்துல” என்பான்.

“எந்த வருஷ வசந்தம்?”

“அதைச் சொன்னா நீ கேக்கறத நிறுத்திடுவியே.”

எஞ்சினின் எண்ணை நான் பார்த்ததில்லை. ஏன் பார்க்கவில்லை என்று நேற்று கேட்டீர்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விலை பேச வந்தவன்தான் கம்பி பிரஷ்ஷால் எண்ணைத் தேய்த்துப் பார்ப்பான். நண்பன் வண்டியில் அப்படித் தேய்த்தால் அவனைப் பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. ஆரின் அசல் என்று சொல்லியிருந்தான். அதற்குமேல் கேட்கக் கூடாது. நான் கேட்கவில்லை.

ஆகஸ்டில் முதல்முறையாக விலை கேட்டேன். அவன் தரையைப் பார்த்தான்.

“வேற எதையாச்சும் கேளுடா” என்றான்.

அவன் மனைவி மார்வா எங்களுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தாள். “டெல்மார், கொஞ்சம் பொறுங்க,” என்றாள். “இந்த மனுசன் போன மறுநாளே அந்தத் தகர டப்பாவும் போகும். முதல்ல டிரெய்லரோட வர்றவருக்கு. நீங்களே வாங்க. கூடாரத்தையும் சேத்து எடுத்துக்கணும், அதான் நிபந்தனை.”

ஆரின் சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் அதை வருடம் இரண்டு முறையாவது சொல்வாள். அன்றைக்கு மட்டும் அது காதில் தங்கிவிட்டது.

அக்டோபரில் ஆரின் என் வீட்டுக்கு வந்தான். வண்டியை மகளுக்குக் கொடுத்துவிடப் போகிறானாம். கொலம்பஸிலிருந்து மருமகன் சனிக்கிழமை டிரெய்லரோடு வருகிறான். பழைய எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு பேட்டரியில் ஓடும் மோட்டார் வைக்கப்போகிறானாம்.

“சத்தமே வராதாம்டா,” என்றான் ஆரின். “அந்த வண்டியில சத்தம் இல்லாம என்ன இருக்கு சொல்லு? சின்னஞ்சிறுசுங்க. என்னமோ பண்ணிட்டுப் போகட்டும்.”

“எஞ்சினை என்ன பண்ணுவாங்க?”

“பழைய இரும்புக்காரன்கிட்டதான். யாருக்கு வேணும்?”

இதை அவன் சாதாரணமாகச் சொன்னான். நீங்கள் இந்தத் தொழிலில் இல்லை, உங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் சேர்ந்திருந்த இரண்டைப் பிரித்து ஒன்றைக் குப்பையில் போடுவது. அப்படிச் செய்பவர்களைத் தடுக்கச் சட்டம் இல்லை. இருந்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

சக்கரங்கள் இறுகிப்போயிருந்தன. உருட்டி வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் பின்பிரேக்கை விடுவிக்க வேண்டும். நான் வருகிறேன் என்றேன். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். மார்வா தேவாலயத்தில் உணவுப் பொட்டலம் கட்டப் போயிருந்தாள். வியாழன்தோறும் போவாள், பன்னிரண்டுக்குத் திரும்புவாள்.

பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கினோம். அச்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு வைத்தேன். சக்கரங்களைக் கழற்றினேன். ஹேண்ட் பிரேக் கம்பியைக் கீழிருந்துதான் விடுவிக்க முடியும். என் மூச்சு சரியில்லை, ஆரின் படுத்தான். வெளியே நிற்பவன் வண்டியைப் பக்கவாட்டில் இரண்டு முறை உலுக்கிப் பார்த்து “நிக்குது” என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டபிறகுதான் உள்ளே போவது. அது எங்கள் முறை. இருபத்தாறு வருடத்தில் அவன் எனக்குச் சொல்லியிருக்கிறான், நான் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

உலுக்கினேன். “நிக்குது” என்றேன். அவன் உள்ளே போனான்.

பத்து நிமிடம் வேலை செய்தான். கம்பி வரவில்லை. வண்டியைத் திட்டினான், தன் முதுகைத் திட்டினான், மருமகனைத் திட்டினான்.

“கொஞ்சம் ஏத்துறேன்,” என்றேன். “அசையாத.”

“ஏத்து, ஏத்து. தொப்பைக்கும் கொஞ்சம் இடம் வேணும்.”

ஜாக்கியை ஒரு படி ஏற்றினேன். இடது ஸ்டாண்டை உருவினேன். பிறகு வலது. மறுபடி உலுக்கினேன். “நிக்குது” என்றேன். ஜாக்கியில் நின்றுகொண்டுதான் இருந்தது. அது பொய் இல்லை.

“டெல்,” என்றான் உள்ளேயிருந்து. “உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. இந்த எஞ்சின் விஷயம். நீ சிரிக்கக் கூடாது. கோவிச்சுக்கவும் கூடாது.”

“வெளிய வந்து சொல்லு” என்றேன்.

ஜாக்கியின் கைப்பிடியை இடதுபக்கம் திருப்பினால் இறங்கும். முழுதாகத் திருப்பினால் ஒரேயடியாக விழும். கால் சுற்று திருப்பினால் மெதுவாக இறங்கும். நான் கால் சுற்று திருப்பினேன். அந்த வயது வண்டியைத் தடாலென்று போடக் கூடாது. ஒரேயடியாக விட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது. அப்போது தோன்றவில்லை.

அவன் என் பெயரை இரண்டு முறை சொன்னான். அதற்குமேல் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை. அந்தச் சிரமம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஜாக்கியை வெளியே இழுத்து, நழுவியதைப்போலச் சாய்த்துப் போட்டேன். ஸ்டாண்டுகளைச் சுவரோரம் வைத்தேன், மறந்துவிட்டோம் என்று சொல்வதற்காக. ஜாக்கி நழுவினால் அடித்தகரத்தில் இழுத்த தடம் விழும். அது எனக்குத் தெரியாதா? சுத்தியலைக் கையில் எடுத்தேன். ஒரு அடி அடித்து, இரும்பால் ஒரு கோடு இழுத்தால் போதும். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். தொழிற்சாலையில் பூசிய கறுப்பு அப்படியே இருந்தது. ஒரு புள்ளித் துரு இல்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு அடித்தகரத்தைப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தேன். சுத்தியலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

முதல் நாளே நீங்கள் கேட்டீர்களே, “இவ்வளவு கனமான வண்டி நழுவி விழுந்திருக்கு, அடியில ஒரு கீறல்கூட இல்லையே?” என்று. நல்ல கேள்வி. உங்கள் அப்பா சொல்லித்தந்திருப்பார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதற்கு முன் முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் என்ன செய்தேன் என்றுதான் உங்களுக்குத் தெரியவில்லை. பானெட்டைத் திறந்தேன். கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டுபோயிருந்தேன். எஞ்சினின் முன்பக்கம், வலது ஓரம், கீழே. அழுக்கு ஒரு விரல் கனம். மெதுவாகத் தேய்த்தேன். இனி நான் நண்பனாக வந்தவன் இல்லை, வாங்க வந்தவன்; தேய்க்கலாம்.

எண் தெரிந்தது. பொருந்தவில்லை.

மறுபடி தேய்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். ஒரு எழுத்துகூடப் பொருந்தவில்லை. ஏதோ ஒரு குடும்ப வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு போட்டார்கள். பன்றித் தொடையும் உருளைக்கிழங்கும். மார்வா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எஞ்சின் மாறினதா என்று கேட்டேன்.

“எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே,” என்றாள். “ரேஸ் விட்டு அசலை உடைச்சுட்டார். உங்ககிட்ட மட்டும் சொல்லவே இல்ல. நீங்க அதைப் பத்தி அவ்வளவு ஆசையாப் பேசுவீங்களாம். ‘டெல் முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது’ம்பார். உங்களுக்கு விக்காம இருந்ததும் அதனாலதான். வித்தா முதல் நாளே கண்டுபிடிச்சுடுவீங்களே.” தன் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள். “டிரெய்லர் கொண்டு வாங்க, டெல்மார். பொண்ணுக்கு இப்ப அதைப் பாக்கவே முடியல. நீங்க எடுத்துக்கிட்டா அவருக்கும் சந்தோஷமா இருக்கும்.”

வேண்டாம் என்றேன். எண் பொருந்தாத வண்டியில் இரண்டு குளிர்காலத்தைச் செலவு செய்ய முடியாது. அவள் அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது, சார்ஜென்ட். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆரின் ஹாஸ்கெட்டின் மேல் அந்த வண்டியை இறக்கியது நான்தான். அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் நடந்தது முழுவதையும் எழுதுவதாக இருந்தால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் லோகனில் இருந்த ஷெவலை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இருபத்தாறு வருடம் சொல்லாமலே இருந்துவிட்டான். நான் அவனிடம் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.