தராசு அக்காவுக்கு: வெள்ளைக்காலின் கோப்பு திருத்தப்பட்ட நாளில்

முகர்ந்த மாத்திரத்தில் புல் அறுபட்ட நாளைச் சொல்லும் நுண்ணறிவே! தானியமும் தவிடும் உப்பும் எண்ணெயும் குதிரைக்குக் குதிரை கூடாமல் குறையாமல் அளந்த கைகளே! எங்கள் குதிரையேற்றப் பள்ளியின் தீவன அறையை இருபத்தெட்டு ஆண்டுகள் ஆண்ட எங்கள் தராசு அக்காவே! வணக்கம்.

பணிநிறைவு மடலில் பாராட்டு மட்டுமே வருவது வழக்கம். அவ்வழக்கம் மீறப்படுவதற்குத் தாங்களே காரணம். என்ன பரிசு வேண்டும் என்று போன வாரம் கேட்டோம். "பரிசெல்லாம் வேணாம்ப்பா. வெள்ளைக்காலோட கோப்புல எழுதி வச்சிருக்கீங்களே, அதை மாத்துங்க. போதும்" என்று சொல்லிவிட்டுத் தவிட்டு மூட்டையைத் தைக்கத் திரும்பிவிட்டீர்கள்.

ஆகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறோம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் மேய்ச்சல் நிலத்தை வண்டி நிறுத்துமிடமாக்கினோம். அன்று முதல் குதிரைகளுக்குக் காய்ந்த புல்லே கதி. மூச்சும் உழைப்பும் உடலுக்குள் மூட்டும் ஆக்சிஜனேற்றம் நரம்பைத் துருப்போல் அரிக்கும். அதைத் தடுத்து நிற்கும் வைட்டமின் ஈ பசும்புல்லில் நிறைந்திருக்கும், உலர்ந்த புல்லில் நாளாக நாளாக அருகிப்போகும். இதை நாங்கள் புத்தகத்தில் படித்திருந்தோம். தாங்கள் லாயத்தில் கண்டீர்கள்.

அதிலிருந்து பதினெட்டாம் மாதம், பதினோரு வயதுப் பெண்குதிரை வெள்ளைக்கால் நின்றபடியே நடுங்கிற்று. காலை மாற்றி மாற்றி ஊன்றிற்று. தொட்டியை நக்கித் துடைத்தும் இளைத்தது.

"டாக்டர், வயிறு முட்டத் திங்குது, ஆனா உருகிக்கிட்டே போகுது. பச்சையைக் கண்ணால பாத்து ஒன்றரை வருசமாச்சு. ரத்தத்துல வைட்டமின் இருக்கான்னு பாத்துடுங்களேன்" என்றீர்கள்.

"நீங்க தராசைப் பாருங்கக்கா, காலை நான் பாத்துக்கறேன்" என்றார் நம் மருத்துவர். நாங்கள் சிரித்தோம். நாற்பது நாள் போயிற்று.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பெயருக்குத்தான் இருந்தது. மருந்து தொடங்கியும் நரம்புகள் மீளவில்லை. எழ முடியாத அதற்கு இறுதி ஊசி போட்ட காலையில் அதன் தலை தங்கள் மடியில் இருந்தது. "ஆச்சுடி, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அன்று மாலையே, மேய்ச்சல் நிலத்தைப் பற்றி எவரும் கேட்டுவிடக் கூடாதென்று, இறப்புக் காரணம் "தீவன அறையின் கவனக்குறைவு" என எழுதிக் கையெழுத்திட்டோம்.

தாங்கள் சண்டையிடவில்லை. மறுநாளே வாய்க்கால் கரைப் புல்லை அறுத்து வந்தீர்கள். மீதி ஏழு குதிரைகளுக்கும் ரத்தம் பார்க்கும்வரை, தங்கள் கண்ணில் படாமல் ஒளிந்த மருத்துவரையும் விடவில்லை. நல்லதுதானே என்று நாங்கள், வைட்டமின் ஈக்குத் துணைநிற்கும் செலினியம் என்னும் தாதுத் தூளை இன்னொரு கரண்டி போடப் போனபோது, "ஒரு கரண்டி கூடிச்சுன்னா பிடரி மயிர் கொட்டும், குளம்பு வெடிக்கும். ஆசைப்பட்டுக் கொல்லாதீங்கடா!" என்று கையைத் தட்டிவிட்டீர்கள். அதன்பின் ஒரு குதிரையும் நடுங்கவில்லை.

இன்று காலை கோப்பைத் திருத்தினோம். மருத்துவர் தம் கையாலேயே எழுதினார்: "வைட்டமின் ஈ குறைவால் நரம்புச் சிதைவு. மேய்ச்சல் நிலத்தை மூடியது நிர்வாகம். தீவன அறை எச்சரித்தது. நான் கேட்கவில்லை."

ஒன்பது ஆண்டுத் தாமதம். இதனால் வெள்ளைக்கால் எழப்போவதில்லை. தங்கள் மேலிருந்த பழியை மட்டும் இறக்கி வைக்கிறோம். உடல் நோகாமல், உறக்கம் கெடாமல், தாங்கள் பல்லாண்டு வாழ்க!

இம்மடலைச் சட்டமிட்டுத் தங்களிடம் தரப்போவதில்லை. அது தீவன அறைச் சுவரில், எங்கள் கண்ணெதிரே தொங்கட்டும். தாங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லத் திருத்திய பக்கத்தின் நகலைத் தருகிறோம்.

தங்கள் சொல்லைக் கேளாத
மருத்துவர், பயிற்சியாளர்கள், லாயப் பணியாளர்கள், அலுவலகத்தார்